டபிள்யூ108 பென்ஸ்: கையுறை போட்டும் ஸ்டீயரிங் கைக்குள்ள நிக்கல

கேள்வி
1970 மாடல் 280 எஸ் (டபிள்யூ108 வரிசை பென்ஸ் கார்), பவர் ஸ்டீயரிங். நேரா போகும்போது வீல்ல ரெண்டு விரல் அகலத்துக்கு ப்ளே, அதாவது சக்கரம் திரும்பாத வெத்து ஆட்டம். திருப்பிட்டு விட்டா தானா நடுவுக்கு வராது, கையாலதான் கொண்டுவரணும். ரிம் ஒல்லியான பழைய ஹார்டு பிளாஸ்டிக், வியர்த்தா வழுக்குது. துணி லைனிங் வச்ச லெதர் கையுறை போட்டா இன்னும் மோசம். ஸ்டீயரிங் பாக்ஸ் மேல ப்ளேயைக் குறைக்கிற ஸ்க்ரூவை டைட் பண்ணலாமா? எந்த மாதிரி கையுறை சரி?

பதில் 1
ஸ்க்ரூவைக் கடைசியாத் தொடுங்க. ப்ளே ஒரு வியாதி, தானா திரும்பாதது வேற வியாதி.

திரும்பாததுக்கு முதல் சந்தேகம் கிங் பின் (முன் சக்கரம் இடது வலதா திரும்புற அச்சு). கிரீஸ் காய்ஞ்சா வீல் திருப்பின இடத்துலயே நின்னுடும். முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டுல வச்சு, ரெண்டு சக்கரமும் தொங்குற நிலையில கிரீஸ் அடிக்கணும். பாரம் தரையில இருந்தா, அதைத் தாங்குற முகத்துக்குள்ள கிரீஸ் ஏறாது. பழைய கறுப்பு கிரீஸ் வெளியே வந்து புதுசு எட்டிப் பார்க்கிற வரைக்கும் அடிங்க. கிரீஸ் ஏற மறுக்கிற நிப்பிளை (கிரீஸ் அடிக்கிற சின்ன வாய்) கழட்டி மாத்துங்க. அந்த ஒண்ணை விட்டுட்டா செஞ்ச வேலை பாதி வீண்.

ப்ளேக்கு: சக்கரம் தரையில, எஞ்சின் ஓடட்டும். ஒருத்தர் வீலை இடது வலதா ஒரு இஞ்ச் ஆட்டணும், இன்னொருத்தர் ரப்பர் கப்ளிங் (ஸ்டீயரிங் தண்டை பாக்ஸோட சேர்க்கிறது), பிட்மேன் ஆர்ம் (பாக்ஸ்ல இருந்து வர்ற கை), நடு ராட், ஐட்லர் ஆர்ம் (மறுபக்கம் நடு ராடைத் தாங்குற கை), டை ராட் எண்ட் (சக்கரத்தைத் திருப்புற ராடோட முனை)னு வரிசையா பார்க்கணும். ஒரு பக்கம் அசைஞ்சு மறுபக்கம் அசையாத மூட்டு எதுவோ அதுதான் குற்றவாளி. ஐட்லர் ஆர்மைக் கையால மேலயும் கீழயும் தூக்கிப் பாருங்க. பெரும்பாலும் அதோட புஷ் (மூட்டுக்குள்ள இருக்கிற உறை) தேஞ்சு போயிருக்கும்.

கப்ளிங் திரும்பியும் பிட்மேன் ஆர்ம் தாமதமா வந்தாதான் பாக்ஸ் பக்கம் போகணும். பாக்ஸை நடுவுல நிறுத்தி, ஆர்ம்ல இருந்து ராட்களைக் கழட்டிட்டு, ஒரு தடவைக்கு அரைக்கால் சுற்றுக்கு மேல வேண்டாம். பாக்ஸ் நடுவுலதான் இறுக்கம், ஓரத்துல தளர்வு. ஓரத்துல வச்சு ப்ளேயை எடுத்தா நடுவுல பிடிச்சுக்கும். அப்புறம் கிங் பின் சரியா இருந்தாலும் வீல் திரும்பாது.

பதில் 2
கையுறை விஷயம். லைனிங் துணியும் தோலும் ஒண்ணுமேல ஒண்ணு நழுவும், அதனாலதான் கை எங்கே இருக்குன்னே தெரியல. லைனிங் இல்லாத மெல்லிய செம்மறித் தோல் எடுங்க. தையல் வெளிப்பக்கம் இருக்கணும். உள்ளே இருந்தா விரல் நுனிக்கும் ரிம்முக்கும் நடுவுல ஒரு வரப்பு மாதிரி உறுத்தும். விரல் முட்டிக்கு மேல ஓட்டை இருந்தா விரல் மடங்கும், காத்தும் போகும். நம்ம வெயிலுக்கு முதுகுப் பக்கம் பருத்திப் பின்னல் வச்சது உத்தமம்.

அளவு: கட்டைவிரலை விட்டுட்டு முட்டிச் சுற்றளவை அளங்க. எட்டரை இஞ்ச்னா சைஸ் எட்டரை. ரெண்டுக்கும் நடுவுல வந்தா சின்னதையே எடுங்க, தோல் தளரும். வியர்வையில நனைஞ்சா நிழல்ல விரிச்சுக் காய வைங்க. வெயில்ல போட்டா அட்டையாயிடும்.

பதில் 3
கையுறை வாங்கும் முன்னாடி ரிம்மைத் துடைங்க. டேஷ்போர்டு பாலிஷ்ல சிலிகான் இருந்தா எந்தத் தோலும் வழுக்கும். மிதமான சோப்புத் தண்ணியில பிழிஞ்ச துணியால ரெண்டு மூணு தடவை துடைச்சு, உலர்ந்த துணியால தேய்ங்க.

டயரையும் பாருங்க. இந்த வண்டிக்கு 185 ஆர்14 (185 மி.மீ. அகலம், 14 இஞ்ச் சக்கரம்) போதும். அகலமான டயர் போட்டா ரோட்டுப் பள்ளம் எல்லாம் கைக்கு வரும்.

கேள்வி கேட்டவர்
ஐட்லர் புஷ்தான் போயிருக்கு, நன்றி. ரிம்ல ஸ்போக் சேர்ற இடத்துல ரெண்டு விரிசல். கையுறையைக் கிழிக்குது.

பதில் 3
மேலாப்புல பூசினா திரும்பப் பிளக்கும். விரிசலை வி வடிவத்துல உள்ளிருக்கிற இரும்பு தெரியிற வரைக்கும் அகலப்படுத்துங்க. துருவைச் சுரண்டிட்டு, கெட்டியான ரெண்டு பாகம் எபாக்ஸியை மட்டத்துக்குக் கொஞ்சம் மேல நிக்கிற மாதிரி அடைங்க. ஒரு நாள் முழுக்க விட்டுட்டு 120, 240, 400 நம்பர் எமரி பேப்பரால வரிசையா தேய்ங்க. கண்ணை மூடி விரலை ஓட்டுங்க. மேடு தட்டினா இன்னும் தேய்க்கணும். அப்புறம் பிரைமர், 2கே பெயின்ட் (ஹார்டனர் கலந்து அடிக்கிறது). மேட் ஃபினிஷ் கேளுங்க, பளபளப்பு வேண்டாம்.