பழைய பிக்கப்: கியர் உறுமுற வண்டியா, இழுவை இல்லாத வண்டியா? கோத்தகிரி ரோட்டுக்கு எதை எடுக்கலாம்?

நெடுகுளா தோட்டம்:
வணக்கம். கேரட், பீட்ரூட், முட்டைகோஸ் மூட்டைகளை நெடுகுளாவிலிருந்து கோத்தகிரி வழியா மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்கணும். லோடு 1 டன்னுக்குக் கொஞ்சம் மேல இருக்கும். திரும்பி ஏறும்போது பாதி நாள் காலி, மீதி நாள் உரம், எரு. ரெண்டு பழைய பிக்கப் பார்த்து வெச்சிருக்கேன். கம்பெனி சண்டை வேண்டாம்னு பேர் போடலை.

முதல் வண்டி 2017, பிஎஸ்4 (புகை விதி ரகம்), 2.5 லிட்டர், 4 சிலிண்டர். இழுவை நல்லா இருக்கு. ஆனா ஓட்டத்துல 3லிருந்து 2க்கு இறக்கினா கரகரன்னு சத்தம். கியர் ஆயில் மாத்தினா போயிடும்னு ஓனர் சொல்றார்.

ரெண்டாவது 2018, பிஎஸ்4, 1.5 லிட்டர், 3 சிலிண்டர். எல்லா கியரும் சுத்தமா விழுது. மேட்டுல இழுவை இல்ல, கறுப்புப் புகை தள்ளுது. மலையில காத்து கம்மி, அப்படித்தான் இருக்கும்னு புரோக்கர் சொல்றார். விலை ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். எதை எடுக்கலாம்?

குன்னூர் பட்டறை:
தம்பி, முதல்ல உங்க ரூட்டைப் பாருங்க. எப்பவும் லோடோட இறங்கறீங்க, பாதி நாள் காலியா ஏறறீங்க. சமவெளி ஆள் பழைய வண்டி வாங்கும்போது இன்ஜினைத்தான் முதல்ல பார்ப்பார். உங்களுக்கு அது ரெண்டாவது. 33 கிலோமீட்டர் இறக்கத்துல உங்க லோடைப் பிடிச்சு நிறுத்தறது 2வது கியர். பின்னாடி டிரம் பிரேக், அது சூடேறினா பிடிப்பு குறைஞ்சிடும். அதனால 2வது கியர்ல சந்தேகம் இருக்கற வண்டியை விலை குறைவுன்னு எடுக்கக் கூடாது. முதல்ல சந்தேகம் எங்கேன்னு பிரிச்சுப் பாருங்க.

இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு கிளட்சை மிதிச்சு எல்லா கியரும் போட்டுப் பாருங்க. அப்பவே முரண்டு பிடிச்சா லீவர், கேபிள் பக்கம் கோளாறு. அப்புறம் ஸ்டார்ட் பண்ணி, வண்டி நின்ன இடத்துல கிளட்சை முழுசா மிதிச்சு, மூணு வினாடி விட்டு ரிவர்ஸ் போடுங்க. ரிவர்ஸும் கத்தினா கிளட்ச் முழுசா விடலைன்னு அர்த்தம். ஹைட்ராலிக்ல காத்து, மாஸ்டர் சிலிண்டர் கசிவு, பெடல் செட்டிங், இப்படி ஏதாவது ஒண்ணு. கியர்பாக்ஸை இறக்காமலே பெரும்பாலும் சரி பண்ணிடலாம்.

ரிவர்ஸ் அமைதியா விழுந்து, ஓட்டத்துல 2 மட்டும் கத்தினா டபுள் கிளட்ச் போட்டுப் பாருங்க. 3லிருந்து கிளட்ச் மிதிச்சு நியூட்ரல், கிளட்ச் விட்டு லேசா ஆக்ஸிலேட்டர், மறுபடி கிளட்ச் மிதிச்சு 2. இப்படிப் போட்டா சத்தம் வரலைன்னா சின்க்ரோ ரிங் தேஞ்சிருக்கு. ஷாஃப்ட் வேகத்தையும் கியர் வேகத்தையும் சேர்த்து வைக்கறது அந்தப் பித்தளை ரிங்தான். அது செய்ய வேண்டிய வேலையை நீங்க ஆக்ஸிலேட்டரால செஞ்சதால சத்தம் நின்னுது. தேஞ்ச பித்தளை எந்த ஆயில் ஊத்தினாலும் திரும்பி வராது.

முக்கியமான சோதனை இன்னொண்ணு இருக்கு. நல்ல இறக்கத்துல 2வது கியர்ல ஆக்ஸிலேட்டரை முழுசா விடுங்க, லீவர்ல கை வைக்காதீங்க. இன்ஜின் வண்டியைப் பிடிக்கட்டும். சட்டுனு ஆக்ஸிலேட்டர் குடுத்து, சட்டுனு விடுங்க. அஞ்சாறு தடவை செய்யுங்க. லீவர் தானா நியூட்ரலுக்கு எகிறுதான்னு பார்த்து எனக்குச் சொல்லுங்க. கால் பிரேக் மேல தயாரா இருக்கட்டும், பின்னாடி வண்டி வராத இடமா பாருங்க.

டீசல் பம்ப்:
"காத்து கம்மி" கணக்கை மட்டும் நான் சொல்றேன். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி) இல்லாத பழைய டீசல் என்றால் அங்கே ஐந்தில் ஒரு பங்கு பலம் போகும். நீங்கள் பார்த்த இரண்டிலும் டர்போ இருக்கிறது. டர்போ அந்தக் குறையைப் பெருமளவு ஈடு கட்டிவிடும். ஆர்பிஎம் சுமார் 1,500க்குக் கீழே இறங்கினால் மட்டும் டர்போ தூங்கும். அதைத்தான் கொண்டை ஊசி வளைவுகளில் உணர்கிறோம்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். லோடோடு மொத்தம் 3 டன். 10 சதவீத ஏற்றம், அதாவது 100 மீட்டர் போனால் 10 மீட்டர் உயர்வது. மணிக்கு 20 கிலோமீட்டரில் ஏற, சக்கரத்தில் சுமார் 25 குதிரைத்திறன் போதும். நல்ல நிலையில் உள்ள 1.5 லிட்டர் டர்போ டீசல் இதை 1வது, 2வது கியரில் தாராளமாகத் தரும். அது திணறுகிறது என்றால் மலை மேல் பழி போடாதீர்கள், வண்டியில் கோளாறு.

கறுப்புப் புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று சேரவில்லை. இந்த வரிசையில் பாருங்கள். ஏர் ஃபில்டர் முதலில். அடுத்து டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் (அந்தக் காற்றைக் குளிர்விக்கும் பெட்டி), இன்டர்கூலரிலிருந்து இன்ஜினுக்கும் போகும் ரப்பர் ஹோஸ்கள். கிளாம்ப் அருகே, ஹோஸின் அடிப்பக்கம் விரல் விட்டுத் தடவுங்கள், வெடிப்பு அங்கேதான் ஒளிந்திருக்கும். லோடு ஏறும்போது 'உஸ்' என்று காற்று சீறினால் ஹோஸ்தான். அதன் பிறகு ஈஜிஆர் வால்வு (புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி விடுவது) கரி பிடித்துத் திறந்தபடி நிற்கிறதா என்று பாருங்கள். அப்படி நின்றால் குறைந்த வேகத்தில் இழுவை அறவே இருக்காது, புகை அதிகமாக வரும். இந்த மூன்றும் கழற்றி மாட்டுகிற வேலை, இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை.

பயப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. இன்ஜின் சூடானதும் ஐடிலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அதே துளை மேல் கவிழ்த்து வையுங்கள். லேசாக அதிர்ந்தால் பரவாயில்லை. துள்ளி விழுந்தாலோ, தொடர்ந்து புகை ஊதினாலோ பிஸ்டன் ரிங், சிலிண்டர் போர் தேய்ந்துவிட்டது. அந்த வண்டியை விட்டுவிடுங்கள். டர்போவின் காற்று நுழையும் குழாயைக் கழற்றி, இன்ஜின் ஆறிய பிறகு உள்ளே உள்ள சக்கரத்தை விரலால் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இயல்பு. முன்னும் பின்னும் ஆட்டம் தெரிந்தாலோ, இறகு சுவரில் உரசிய தடம் இருந்தாலோ டர்போ முடிந்தது. நீண்ட இறக்கம் முடிந்து ஆக்ஸிலேட்டர் கொடுத்ததும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, டர்போ சீல் அல்லது வால்வு சீல்.

எல்லோரும் மறந்துவிடும் இரண்டு விஷயம். ஒன்று, பிரேக் பிடித்தபடி ஓடும் வண்டியும் 'இழுவை இல்லை' என்றுதான் தோன்றும். சமதளத்தில் பிரேக் அதிகம் தொடாமல் ஐந்து கிலோமீட்டர் ஓட்டி, நான்கு சக்கரத்தின் நடுவிலும் கையை அருகில் கொண்டு போங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் வீல் சிலிண்டரோ ஹேண்ட் பிரேக் கேபிளோ சிக்கியிருக்கிறது. இரண்டாவது டயர். கம்பெனி அளவைவிடப் பெரிய டயர் போட்டிருந்தால் எல்லா கியரும் அந்த அளவுக்கு நீளமாகிவிடும், 1வது கியரின் பலம் குறையும். சமவெளி வண்டிகளில் மைலேஜுக்காக இப்படிச் செய்வதுண்டு. டயர் பக்கத்தில் உள்ள எண்ணைக் கம்பெனி கையேட்டோடு ஒப்பிடுங்கள்.

நெடுகுளா தோட்டம்:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. ரெண்டு வண்டியும் பார்த்தாச்சு.

முதல் வண்டி: ஆஃப்ல எல்லா கியரும் விழுது. ரிவர்ஸ் சத்தமில்ல. டபுள் கிளட்ச் போட்டா 2வது அமைதியா விழுது. இறக்கத்துல ஆக்ஸிலேட்டர் விட்டதும் 2 ரெண்டு தடவை எகிறிடுச்சு. நியூட்ரல்ல ஒரு ஊளைச் சத்தமும் இருக்கு, கிளட்ச் மிதிச்சா நிக்குது.

ரெண்டாவது வண்டி: ஏர் ஃபில்டர் மண்ணு. இன்டர்கூலர் ஹோஸ் ஒண்ணுல கிளாம்ப் ஓரமா விரல் நீள வெடிப்பு, சுத்தி எண்ணெய்ப் பிசுக்கு. ஆயில் மூடி துள்ளலை. டர்போ முன்ன பின்ன ஆடலை. டயர் அளவு சரி. நாலு சக்கரமும் ஒரே சூடு.

குன்னூர் பட்டறை:
முதல் வண்டியை விட்டுடுங்க தம்பி. சின்க்ரோ மட்டும்னா டபுள் கிளட்ச் போட்டு ஓட்டுற டிரைவர்கள் உண்டு. கியர் எகிறுறது வேற விஷயம். கியரைப் பிடிச்சு வெக்கற டாக் பல்லும் ஸ்லீவும் முனை மழுங்கியிருக்கும், இல்லன்னா ஃபோர்க் தேஞ்சிருக்கும், இல்லன்னா மெயின் ஷாஃப்ட் பேரிங்ல ஆட்டம். கியர்பாக்ஸ் மவுண்டிங் உடைஞ்சாலும் எகிறும், அது லீவர் கூடவே குதிக்கறதுல தெரியும். உங்க வண்டில நியூட்ரல் ஊளை கிளட்ச் மிதிச்சா நிக்குதுன்னா இன்புட் ஷாஃப்ட், கவுன்டர் ஷாஃப்ட் பேரிங் பக்கம் கேடு. கிளட்ச் மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தா அது ரிலீஸ் பேரிங், சின்ன செலவு. உங்களுக்கு அது இல்ல. பாக்ஸை இறக்கினா சின்க்ரோ, ஸ்லீவ், 2வது கியர், பேரிங் செட், சீல் எல்லாம் சேர்ந்து வரும். இறக்கினதுக்கு அப்புறம் பழைய கிளட்ச் பிளேட்டை மாட்டி ஏத்த மனசு வராது, அதுவும் சேரும். லோடோட கொண்டை ஊசிக்கு முன்னாடி 2 எகிறி நியூட்ரல் ஆச்சுன்னா, வேகம் ஏறின வண்டில திரும்ப 2 விழாது. பிரேக் மட்டும்தான் மிச்சம். விலையில எவ்வளவு குறைச்சாலும் இதுக்கு ஈடில்ல.

ஓனர் சொன்ன ஆயில் பத்தி ஒண்ணு. இந்த மாதிரி கியர்பாக்ஸ் பலதுக்கும் ஜிஎல்-4 ரக ஆயில்தான் கம்பெனி சொல்லும். பின் அச்சுல இருக்கற கிரவுன் ஹவுசிங்குக்கு ஊத்தற ஜிஎல்-5ஐயே கியர்பாக்ஸ்லயும் ஊத்தினா, அதுல இருக்கற கந்தக மருந்து பித்தளை ரிங்கைக் கெடுக்கலாம். எந்த வண்டி வாங்கினாலும் கையேட்டைப் பார்த்து ரெண்டுக்கும் தனித்தனி ஆயில் ஊத்துங்க.

ரெண்டாவது வண்டிக்கு கிளட்ச் பார்த்தாச்சா? நல்ல ஏற்றத்துல 3வது கியர்ல மணிக்கு 30ல போய் ஆக்ஸிலேட்டரை முழுசா மிதிங்க. இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறலைன்னா பிளேட் வழுக்குது. கிரவுனுக்கு, 40, 50ல ஒரே சீரா ஓட்டி ஆக்ஸிலேட்டரை விடுங்க. இழுக்கும்போது ஒரு ஊளை, விடும்போது வேற ஊளைன்னா கிரவுன் பினியன் தேய்மானம். கிளட்ச் விடும்போது அடியில 'டக்'னு அடிச்சா புரொப்பல்லர் ஷாஃப்ட் கிராஸ், அது சின்ன வேலை.

டீசல் பம்ப்:
உங்கள் அறிகுறி ஹோஸ் வெடிப்போடு சரியாகப் பொருந்துகிறது. ஆனால் ஊகத்தில் வாங்காதீர்கள். விற்பவர் செலவிலேயே ஹோஸும் ஏர் ஃபில்டரும் மாற்றச் சொல்லுங்கள். மாற்றின பிறகும் புகை இருந்தால் ஈஜிஆர் கழற்றிப் பார்க்கணும், அதற்கும் சரியாகவில்லை என்றால் இன்ஜெக்டர் ரிட்டர்ன் சோதனை. ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயிலும் ஒரு பாட்டில் மாட்டி ஓட விட்டால், மூன்று பாட்டிலிலும் ஒரே நேரத்தில் விழும் டீசல் அளவு ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மிஞ்சி நிறைந்தால் அந்த இன்ஜெக்டர் கசிகிறது.

ரேடியேட்டர் மூடியையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். மூடி அழுத்தம் பிடிக்கவில்லை என்றால் உர லோடோடு ஏறும்போது தண்ணி பொங்கும், ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று நினைத்துவிடுவீர்கள். கேஸ்கெட்டைத் தனியாகச் சோதிக்க, குளிர்ந்த இன்ஜினில் மூடி திறந்து ஸ்டார்ட் செய்யுங்கள். விடாமல் குமிழி வந்தால் கேஸ்கெட்.

மண்டி லாரி:
பேப்பர் பக்கம் ரெண்டு வார்த்தை. ஆர்சியில் மொத்த எடையும் காலி எடையும் இருக்கும். கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றலாம். 1.5 லிட்டர் வண்டிக்கு அந்த எண்ணைப் பார்த்து, உங்கள் மூட்டைக் கணக்கு அதற்குள் வருகிறதா என்று முதலில் சரி பாருங்கள். மொத்த எடை 3,000 கிலோவுக்குள் என்றால் பெர்மிட் வேண்டாம். சரக்கு வண்டிக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்சி (தகுதிச் சான்று), அதற்கு மேல் வருடா வருடம். எஃப்சி தேதி நெருங்கிய வண்டி என்றால் அந்தச் செலவும் உங்கள் தலையில். ஃபைனான்ஸ் இருந்திருந்தால் ஹெச்பி (ஆர்சியில் உள்ள கடன் பதிவு) கேன்சல் ஆனதா, இ-சலான் பாக்கி இருக்கிறதா என்று பரிவாகன் இணையதளத்தில் பார்த்துவிட்டுத்தான் பெயர் மாற்றப் படிவம் 29, 30 கையெழுத்து.

குன்னூர் பட்டறை:
ஹோஸ் மாத்தினதும் டோக்கன் அட்வான்ஸ் குடுத்துடாதீங்க தம்பி. 500 கிலோவாவது மூட்டை ஏத்தி, கோத்தகிரியிலிருந்து கீழ கொஞ்ச தூரம் 2வது கியர்ல இறங்கி, திரும்பி ஏறுங்க. கிளம்பறதுக்கு முன்னாடி இன்ஜின் ஆஃப்ல பிரேக்கை நாலஞ்சு தடவை மிதிச்சு பெடல் கெட்டியானதும் மிதிச்சபடியே ஸ்டார்ட் பண்ணுங்க. பெடல் லேசா கீழ இறங்கினா பிரேக்குக்குப் பலம் சேர்க்கற பூஸ்டரும் வேக்கம் பம்பும் நல்லா இருக்கு. இறங்காம கல்லு மாதிரி நின்னா அந்த வண்டியை லோடோட இறக்கத்துக்கே கொண்டு போகாதீங்க, முதல்ல வேக்கம் ஹோஸைப் பார்க்கச் சொல்லுங்க.