வீட்டு வாசலில் ஓகேயூ (மாற்றுத்திறனாளி) பார்க்கிங்: கேட்டுப் பார்த்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

செந்தூல் மகள்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கை காலில் பலம் போன பிறகு எங்கள் வீட்டில் அதிகம் பேசுவது மருந்தைப் பற்றி அல்ல, காரை எங்கே நிறுத்துவது என்பதைப் பற்றித்தான். பழைய வரிசை வீடு. போர்ச்சுக்குள் காரை ஏற்றினால் கதவு பாதிதான் திறக்கும், சக்கர நாற்காலியைப் பக்கத்தில் கொண்டுபோகவே முடியாது. அதனால் போர்ச்சில் சாய்தளமும் நாற்காலியும், கார் ரோட்டில்.

இங்கேதான் சிக்கல். நம் மலேசியாவில் ஓட்டுபவர் வலது பக்கம், அவருக்குப் பக்கத்தில் உட்காருபவர் இறங்குவது இடது பக்கம். ரோட்டோரம் நிறுத்தினால் அந்த இடது பக்கம் நேராக லோங்காங், அதாவது சாக்கடைக் கால்வாய். எங்கள் வரிசையில் அதை மூடியிருப்பது அவரவர் கேட்டுக்கு முன்னால் மட்டும்தான், ஆக அப்பா காலை ஊன்றி இறங்கக்கூடிய ஒரே இடம் எங்கள் கேட்டு வாசல். உள்ளே கார் இல்லாததைப் பார்க்கிறவர்களோ இந்த கேட்டைத் திறக்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை என்று நினைத்து அங்கேயே நிறுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். மருத்துவமனையிலிருந்து களைத்துத் திரும்பும் மனிதரைக் காரிலேயே உட்காரவைத்துவிட்டு, வீடு வீடாகப் போய் இது யார் கார் என்று கேட்பது கொடுமை. பின்சீட்டில் வலது பக்கம் உட்காரவைத்தும் பார்த்தோம். பலமுள்ள பக்கமாக நகர்வது அவருக்கு எளிது, பிசியோவிலும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் மோட்டார் சைக்கிள்கள் உரசிக்கொண்டு போகிற ரோட்டில் அவரை எழுப்பி நிறுத்தித் திருப்ப எனக்குத் துணிச்சல் வரவில்லை.

இப்போது வீட்டுக்கு முன்னால் ரோட்டில் ஓகேயூ பார்க்கிங் பெட்டி வரைந்து தரும்படி மாநகர் மன்றத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஓகேயூ அட்டை நகல், டாக்டர் கடிதம், கேட்டையும் லோங்காங்கையும் எடுத்த படங்கள், அக்கம்பக்கத்தார் கையெழுத்து எல்லாம் சேர்த்துத்தான். கவுண்டரில் இருந்தவர் நேராகவே சொன்னார்: ரோடு பொது இடம், பெட்டி வரைந்தாலும் அது உங்கள் பெயரில் இருக்காது, ஓகேயூ வாகனம் எது வந்தாலும் நிறுத்தலாம். எனக்கு அதில் வருத்தமே இல்லை, அப்பாவைப் போல இன்னொருவர் வந்து இறங்கினால் இறங்கட்டும்.

கையெழுத்து வாங்கப் போனதில் ஒரு நல்லது நடந்தது. எதிர்வீட்டுச் சீன அங்கிள்தான் அடிக்கடி அங்கே நிறுத்துபவர். படத்தைக் காட்டி, கதவு திறந்தால் அப்பாவின் கால் எங்கே போகும் என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இதை ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு அவர் கார் அங்கே நின்று நான் பார்க்கவில்லை. மூலை வீட்டு மலாய்க்கார அக்கா தன் மாமியாருக்கு அட்டை எடுப்பது எப்படி என்று கேட்டார். அட்டைக்கு ஜேகேஎம்-தான், அதாவது சமூக நல இலாகா, அவர்களுடைய ஸ்மோகு இணையத்தளத்திலேயே பதியலாம், டாக்டர் உறுதிப்படுத்த வேண்டும்.

பதில் இன்னும் வரவில்லை. உங்களில் யாருக்காவது ரோட்டில் பெட்டி கிடைத்திருக்கிறதா? என்ன எழுதினீர்கள்?

ஜெலுத்தோங்கிலிருந்து

எங்களுடையது அடுக்குமாடி, அதனால் கதை வேறு. அம்மாவுக்குச் சர்க்கரை வியாதியில் ஒரு கால் எடுத்துவிட்டார்கள். எங்கள் லோட், அதாவது கார் நிறுத்தும் இடம், தூணை ஒட்டியது, அந்தப் பக்கம் கதவே திறக்காது. நிர்வாகக் குழுவிடம் கேட்டபோது, உங்களுக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள் என்றார்கள். கேட்கட்டுமே, கால் இல்லாதவர்கள் எல்லாரும் கேட்கத்தான் வேண்டும்! ஆனால் கோபத்தில் பேசிப் பயனில்லை என்று அண்ணன் தடுத்துவிட்டார்.

பிறகு தெரிந்துகொண்டது: வீட்டோடு சேர்த்துப் பதிவான லோட் என்றால் அது அந்த வீட்டுக்காரருடையது, குழு நினைத்தாலும் பிடுங்கிக் கொடுக்க முடியாது. பொதுச்சொத்தாக இருக்கும் லோட்டுகள், உதாரணமாக விருந்தாளிகளுக்கு விட்டிருப்பது, அவற்றில் ஒன்றைக் கேட்கலாம். அதனால் கடிதத்தில் பொத்தாம்பொதுவாக ஒரு லோட் வேண்டும் என்று எழுதாமல், லிஃப்டுக்குப் பக்கத்தில் இருக்கும் இன்ன விருந்தாளி லோட் என்று குறிப்பிட்டு எழுதினோம். அது கூட்டத்துக்குப் போவதற்குள், கீழ்மாடியில் இருக்கும் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் கேள்விப்பட்டு, ஓரத்தில் இருக்கும் தன் லோட்டை மாற்றிக்கொள்ளலாம் என்று தானாகவே வந்தார். எழுதிக் கையெழுத்திட்டு அலுவலகத்திலும் ஒரு நகல் கொடுத்துவிட்டோம். வாய்ப்பேச்சோடு விட்டுவிடாதீர்கள், நாளை அவர் வீட்டை விற்றால் புதிதாக வருகிறவருக்கு எதுவும் தெரியாது.

அப்படி யாரும் மாற்றித் தராவிட்டால் மாநகர் மன்றத்தில் இருக்கும் கட்டட ஆணையரிடம், அதாவது சிஓபி-யிடம், புகார் செய்யலாம்.

பத்து கேவ்ஸ் ரோடு

ஒரே ஒரு விஷயம். கூம்பு, பூந்தொட்டி, பழைய நாற்காலி போட்டு இடம் பிடிக்காதீர்கள். எவ்வளவு நியாயமான காரணம் இருந்தாலும் 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி அது பொது இடத்தை மறிப்பது. என் மாமாவுக்கு அப்படி நடந்தது: தொட்டியையும் தூக்கிக்கொண்டு போனார்கள், பக்கத்து வீட்டோடு பேச்சும் நின்றுவிட்டது.

கையால் ஓட்டுபவன்

நானே ஓகேயூ, கைக் கட்டுப்பாடு வைத்த காரை ஓட்டுகிறேன். செந்தூல் தங்கச்சி எழுதியதைப் படித்ததும் சொல்லத் தோன்றியது: நீங்கள் கேட்க வேண்டியது நெருக்கத்தை மட்டும் அல்ல, அகலத்தையும். எனக்கு வலது பக்கக் கதவு முழுதாகத் திறந்து, அதற்குப் பக்கத்தில் நாற்காலி நிற்க வேண்டும். வாசலிலேயே இடம் கொடுத்து இரண்டு பக்கமும் நெருக்கி வரைந்தால் எனக்கு அது உதவாது, கொஞ்சம் தள்ளியிருந்தாலும் அகலமாக இருந்தால் நானே உருட்டிக்கொண்டு வந்துவிடுவேன். அப்பாவுக்கு இடது பக்கம் என்றால் பெட்டி அந்த லோங்காங் மூடிக்கு நேராக வர வேண்டும். முன்கதவு எந்த இடத்தில் திறக்கிறது என்று அளந்து படத்திலேயே குறித்துக் கொடுங்கள், இல்லையென்றால் வரைய வருகிறவர்கள் ஒரு மீட்டர் தள்ளி வரைந்துவிட்டால் பெட்டி இருந்தும் கால் லோங்காங்கில்தான்.

சட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2008ஆம் ஆண்டு ஓகேயூ சட்டம், 685, பொது இடங்களையும் வசதிகளையும் மற்றவர்களைப் போல நாமும் பயன்படுத்தும் உரிமையைச் சொல்கிறது. ஆனால் மீறினால் இன்ன தண்டனை என்று அதில் இல்லை, பல வருடமாக நாங்கள் கேட்டுக்கொண்டிருப்பதே அதைத்தான். ஆகவே கவுண்டரில் சட்ட எண்ணைச் சொன்னதும் வேலை நடந்துவிடும் என்று நம்பாதீர்கள். கடிதத்தில் குறிப்பிடுங்கள், பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள், உங்கள் வட்டார நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். காருக்கு ஜேகேஎம் தரும் ஸ்டிக்கரையே ஒட்டுங்கள், கடையில் விற்கும் சக்கர நாற்காலிப் படத்தை யார் வேண்டுமானாலும் வாங்கி ஒட்டிக்கொள்கிறார்கள்.

செந்தூல் மகள்

ரொம்ப நன்றி அண்ணே. கதவு திறக்கும் இடத்தை நான் குறிக்கவே இல்லை, கேட்டு வாசல் என்று மட்டும்தான் எழுதியிருக்கிறேன். நாளை காலை அளந்து, புதுப் படத்தோடு இன்னொரு கடிதம் கொடுத்துவிடுகிறேன். அளவு பார்க்க ஆள் வந்தால் அப்பாவையும் காரில் உட்காரவைத்து இறக்கிக் காட்டலாமா, அல்லது அது அவர்களுக்குச் சங்கடமாக இருக்குமா? அப்பா தயார் என்கிறார்.

கையால் ஓட்டுபவன்

கட்டாயம் காட்டுங்கள்.