ஊழியத்திற்குத் தேர்வாகவில்லை, இப்போது சேவைக்குப் போவது நேர்மையாகுமா?

பின்வரிசை

அனைவருக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் வணக்கம். முழுநேர ஊழியமே என் அழைப்பு என்று இளவயதிலிருந்தே நம்பி, படிப்பையும் வேலையையும் அதற்கேற்ப அமைத்துக்கொண்டவன் நான். இறையியல் படிப்புக்கு ஆட்களைத் தெரிந்தெடுக்கும் குழு என்னை ஏற்கவில்லை, காரணமும் சொல்லவில்லை. ஆராதனைக்கு இன்றும் செல்கிறேன், ஆனால் பாடும்போது வாய் மட்டுமே அசைகிறது. ஜெபிக்க அமர்ந்தால், "அழைத்தவர் நீர்தானே, பின் ஏன்?" என்பதோடு ஜெபம் நின்றுவிடுகிறது.

ஏதாவது சேவையில் இறங்கினால் மனம் தேறும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். என் தயக்கமே அங்குதான் இருக்கிறது. என் ஏமாற்றத்தை ஆற்றிக்கொள்வதற்காக ஒரு நோயாளியின் படுக்கையருகே போய் நின்றால், அவருடைய துன்பத்தை என் மருந்தாக எடுத்துக்கொண்டவன் ஆகமாட்டேனா? இந்த நிலையைக் கடந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை

தம்பி, சேவையைப் பற்றி யோசிக்கும் முன் 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். கர்மேல் மலையில் அத்தனை பெரிய வெற்றியைக் கண்ட தீர்க்கதரிசி எலியா, அரசி யேசபேலின் மிரட்டலுக்கு அஞ்சி வனாந்தரத்திற்கு ஓடி, சூரைச்செடியின் கீழ் அமர்ந்து சாவைக் கேட்கிறார். அவருக்கு முதலில் கிடைத்தது உபதேசம் அன்று, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும்தான். உண்டபின் மறுபடியும் உறங்க விடப்படுகிறார். ஓரேப் மலையில் தேவன் ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்க, எலியாவும் தம் மனக்குறையை இரண்டு முறையும் ஏறக்குறைய அதே சொற்களில் கொட்டுகிறார். அதற்காக அவர் கண்டிக்கப்படவில்லை. அதன் பிறகே அரசர்களாகவிருந்த ஆசகேல், யெகூ, தம் இடத்திற்குத் தீர்க்கதரிசியாக வரவிருந்த எலிசா ஆகிய மூவரையும் அபிஷேகம்பண்ணும் பணி ஒப்படைக்கப்படுகிறது.

இந்த வரிசையை நாம் அவசரத்தில் தலைகீழாக்கிவிடுகிறோம். சோர்ந்திருப்பவரைக் கண்டவுடன் கையில் ஒரு வேலையைத் திணிக்கிறோம். இன்னொன்றும் என்னை எப்போதும் யோசிக்க வைக்கிறது: அந்த மூவரில் எலியா நேரில் தேடிச் சென்று அழைத்தது எலிசாவை மட்டுமே. ஆசகேலிடம் பின்னாளில் பேசியவர் எலிசா. யெகூவை அபிஷேகம் செய்ததோ எலிசா அனுப்பிய ஒரு தீர்க்கதரிசி. எலியாவுக்குத் திரும்பக் கிடைத்த நோக்கத்தின் பெரும்பகுதி, இன்னொருவரை ஆயத்தப்படுத்துவதாகவே இருந்தது.

மருத்துவமனைப் போதகர்

நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். முழுவதும் தூய நோக்கத்தோடு நோயாளியிடம் வந்த ஒருவரையும் நான் கண்டதில்லை, என்னையும் சேர்த்துத்தான். ஆகவே, நோக்கம் கலப்பில்லாமல் ஆகட்டும் என்று காத்திருந்தால் எவருமே போக முடியாது. ஆனால் உங்கள் பயத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. நீங்கள் பார்க்கச் சென்றவர், "இன்று வேண்டாம், தூங்க வேண்டும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டால், உங்களுக்கு வலிக்கிறதா, அல்லது அவர் தூங்கட்டும் என்று அமைதியாகத் திரும்ப முடிகிறதா? வலித்தால், அவரிடமிருந்து எதையோ பெறுவதற்காகப் போயிருக்கிறீர்கள் என்று அறிந்துகொள்ளலாம்.

தொடக்கத்தில் தனியாகப் போகாமல், அனுபவமுள்ள ஒருவரின் கீழ் போங்கள். பிரசங்கிக்கவோ உங்கள் கதையைச் சொல்லவோ வேண்டாம். மருந்துச்சீட்டோடு வரிசையில் நிற்பது, இரவெல்லாம் கண்விழித்த உறவினர் சற்றுப் படுத்து எழும்வரை காவலிருப்பது போன்ற, நன்றி பெறவும் வாய்ப்பில்லாத வேலைகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மேடையை இழந்த மனம் அறியாமலே இன்னொரு மேடையைத் தேடும். இப்படிப்பட்ட வேலைகளில் அதற்கு இடமிருப்பதில்லை.

மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரையும் நினைத்துக்கொள்ளுங்கள். சீனாவுக்குப் போக முன்வந்தபோது உடல்நிலையைக் காரணம் காட்டி மறுக்கப்பட்டவர் அவர். 1893-இல் ஜப்பானுக்குச் சென்று, அங்கும் நோயினால் நிலைக்க முடியாமல் போனது. 1895-இல் இந்தியாவுக்கு வந்த பிறகே தமிழ்நாட்டின் டோனாவூரில் ஆதரவற்ற குழந்தைகளுக்கான அவருடைய பணி உருவானது.

செவிலி

போதகர் ஐயா சொன்ன சோதனையை முழுமனதோடு ஏற்கிறேன்; ஆனால் அந்தக் கடைசி எடுத்துக்காட்டில் எனக்கு உடன்பாடு இல்லை. அத்தகைய வரலாறுகளை முடிவு தெரிந்த பிறகு வாசிக்கிறோம். மறுக்கப்பட்டு, பெயர் வெளியே தெரியாமலே வாழ்ந்து முடித்தவர்களே அதிகம் இருப்பார்கள். இதைவிடப் பெரிய வாசல் உங்களுக்குத் திறக்கும் என்று யாராலும் வாக்குக் கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது.

எனக்கு, அப்போஸ்தலர் பவுலோடு ஊழியப் பயணம் போன மாற்குவின் கதைதான் உதவியது. பம்பிலியாவில் பவுலை விட்டுப் பிரிந்தவன் என்பதற்காகவே, அடுத்த பயணத்தில் அவனைச் சேர்த்துக்கொள்ளப் பவுல் மறுத்தார். அதனால் பவுலும் அவருடைய உடன் ஊழியர் பர்னபாவுமே பிரிந்தார்கள். பர்னபா அவனைக் கூட்டிக்கொண்டு சீப்புரு தீவுக்குப் போனார். பல ஆண்டுகளுக்குப் பின், அதே பவுல் 2 தீமோத்தேயு 4:11-இல், அவன் ஊழியத்தில் தமக்குப் பயனுள்ளவன் என்று எழுதி அழைத்துவரச் சொல்கிறார். உங்களுக்கும் இப்போது வேண்டியவர் ஒரு பர்னபா என்று நினைக்கிறேன்.

இரண்டு நடைமுறைக் காரியங்கள் உண்டு. காரணத்தைக் கேட்டு அந்தக் குழுவுக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதுங்கள். கேட்பது விசுவாசக் குறைவு ஆகாது. தூக்கமோ பசியோ கெட்டு, எதிலும் பிடிப்பில்லாத நிலை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வு நோய்க்குச் சிகிச்சை உண்டு. அதை ஜெபக்குறைவு என்று சொல்பவர்களுக்குச் செவிகொடுக்காதீர்கள்.

பின்வரிசை

மூவருக்கும் நன்றி. "வலிக்கிறதா?" என்ற கேள்விக்கு இன்றைய என் பதில் "ஆம்" என்பதுதான், ஆகவே நோயாளிகளைச் சந்திக்கும் பணியைச் சில காலம் தள்ளிவைக்கிறேன். கடிதத்தை எழுதத் தொடங்கிவிட்டேன். எங்கள் சபையில் கண்பார்வை மங்கிய முதியவர் ஒருவர் வேதம் வாசித்துக் காட்ட ஆள் தேடுகிறார். அங்கே போகலாம் என்றிருக்கிறேன். ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை: பாதியில் நின்றுவிடும் ஜெபத்தை என்ன செய்வது?

மருத்துவமனைப் போதகர்

அந்த முதியவருக்கு 88-ஆம் சங்கீதத்தையும் ஒருநாள் வாசித்துக் காட்டுங்கள். கூப்பிடுதலில் தொடங்கி, "ஏன்?" என்று கேட்டு, எந்த விடையும் பெறாமல் இருளிலேயே முடிகிறது. அப்படி முடிந்த ஜெபத்தையும் யாரும் வேதத்திலிருந்து நீக்கவில்லை.