கோடையில் மாட்டுக்குத் தண்ணீர்: நான் பிழைவிட்ட கணக்கு

அக்கராயன் பக்கமிருந்து

2014ஆம் ஆண்டுக் கோடையை வன்னியில் மாடு வளர்த்த யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஆவணியில் எங்கள் கிணற்றில் அடிக்கல் தெரிந்தது. மோட்டரைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் சேற்றைத்தான் இழுக்கும். அப்போது என்னிடம் மூன்று கலப்பினப் பசுக்கள். தண்ணீரை மிச்சம் பிடிக்க நான் செய்த முதல் வேலை, அவை குடிப்பதைக் குறைத்ததுதான். காலையில் ஒரு வாளி, பின்னேரம் ஒரு வாளி.

ஒரு கிழமைக்குள் பால் பாதியாகிவிட்டது. சாணம் இறுகி உருண்டை உருண்டையாக விழுந்தது. ஒரு பின்னேரம் வாளியை எடுக்கப் போனேன். நடுப்பசு வெறும் வாளியின் அடியை நக்கிக்கொண்டு நின்றது. வாளி சரிந்து உருண்டபோதும் விடவில்லை, பின்னாலேயே கயிறு எட்டும்வரை போய் நக்கியது.

மிருக வைத்தியர் வந்து கழுத்துத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். இழுத்த தோல் படியாமல் மடிப்பாகவே நின்றது. "தம்பி, பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். குடிக்கக் கொடாமல் எதைக் கறக்கப் போகிறீர்?" என்றார். பிறகு புல்லுத் தோட்டத்தைப் பார்த்து, அதற்கு எத்தனை நாளைக்கு ஒருக்கால் இறைத்தீர் என்று கேட்டார்.

நாலு பரப்பில் கோ-3 என்கிற தீவனப் புல். வைகாசியிலிருந்து ஆடிவரை ஐந்து நாளுக்கு ஒருக்கால் இறைத்திருந்தேன். அவர் என் பால் கொப்பியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். நாலு பரப்பு என்றால் கிட்டத்தட்ட 1000 சதுர மீற்றர். அதில் ஒரு அங்குலத்துக்குத் தண்ணீர் கட்டினால் 25,000 லீற்றர். வெக்கை நாளில் ஒரு கறவைப் பசு 50 லீற்றர் குடித்தாலும் மூன்றுக்கும் 150 லீற்றர். ஒரே ஒரு இறைப்பு, மூன்று மாடும் ஐந்து மாதத்துக்கு மேல் குடிக்கிற தண்ணீர்! கிணற்றை வற்றவைத்தது புல். நான் தண்டித்தது மாட்டை. இப்போதும் அதை நினைத்தால் மனது சுடுகிறது.

கால்நடைக்குப் போகிற நீரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தீனியை வளர்க்கத்தான் போகிறது. அதனால் சிக்கனத்தை அங்கேதான் தொடங்க வேண்டும். எங்கள் வயலில் கிடக்கிற வைக்கோலுக்குப் புதிதாகத் தண்ணீர் வேண்டாம், நெல்லுக்கு விட்டதிலேயே அதுவும் விளைந்துவிட்டது. ஆனால் காலபோக (மழைக்கால) நெல் அறுவடை முடிந்து வெட்டுமெசின் போன கையோடு வயலுக்கு நெருப்பு வைக்கிறோம். ஆடியில் அதே ஆட்கள் தீனி இல்லை என்று கிணற்றை இறைக்கிறோம். தயவுசெய்து கொளுத்தாதீர்கள்.

இப்போது எனக்குப் புல் ஒரு பரப்புத்தான், கொட்டில் கழுவுகிற தண்ணீர் வாய்க்கால் வழியே அதற்குப் போகிறது. வேலிக்குக் கிளிரிசிடியா மரம் நட்டிருக்கிறேன், அதன் இலையும் மாட்டுக்குத் தீனி, வெட்ட வெட்ட இறைக்காமலே தளிர்க்கிறது. வேம்புக்குக் கீழே சீமெந்துத் தொட்டி; எந்த நேரமும் தண்ணீர் நிற்கும்.

ஒட்டுசுட்டானிலிருந்து

அண்ணை, உங்கள் கணக்கு கொட்டில் மாட்டுக்குச் சரி. எங்களுடையது பட்டி. அறுபது எழுபது உருப்படி, எல்லாம் ஊர் மாடு. புல்லுக்கு நாங்கள் ஒரு சொட்டும் இறைப்பதில்லை. குளம் வற்ற வற்ற அலைகரையில், அதாவது தண்ணீர் வடிந்த ஓரத்தில், புல் முளைக்கும், அதுதான் கோடைத் தீனி.

எங்களுக்கு நட்டம் நடையில். கிட்டவுள்ள சின்னக் குளங்கள் வற்றினால் நாலைந்து கிலோமீற்றர் போய்க் குடித்துவிட்டுத் திரும்ப வேண்டும். தின்றதெல்லாம் அந்த நடையோடு போய்விடும், கன்றுக்கே பால் காணாது. இப்போது அலைகரையையும் உழுகிறார்கள். காலபோகம் விதைத்தால் வயல்பக்கம் போக முடியாது. காட்டுக்குள் விட்டால் அங்கேயும் தடை. மேய்ச்சல் தரைக்கென்று ஒரு துண்டை எல்லை போட்டுத் தந்து, அதற்குள் ஒரு கிணறும் தொட்டியும் இருந்தால் எங்கள் தண்ணீர்ப் பிரச்சினையில் முக்கால்வாசி தீரும். எத்தனை கூட்டத்தில் கேட்டிருப்போம்!

புதுக்குடியிருப்பிலிருந்து

எனக்கு ஆறு ஆடுதான் தம்பி. ஒன்று நாளைக்கு நாலைந்து லீற்றர் குடிக்கும். தகர வாளியை வெயிலில் வைத்திருந்த காலத்தில் பத்து மணிக்கே தண்ணீர் சுடும். மணந்துவிட்டுப் போய்விடும், நான் ஊற்றிவிட்டுப் புதிதாக வைப்பேன். பாதி அப்படியே வீண். இப்போது பூவரசுக்குக் கீழே வாயகன்ற மண்பானையைக் கழுத்துவரை புதைத்திருக்கிறேன். தட்டி ஊற்றவும் மாட்டாது, பின்னேரம்வரை குளிர்ச்சியாக இருக்கிறது. வைக்கோலுக்கு யூரியாக் கரைசல் தெளித்து மூடிவைத்து மாட்டுக்குக் கொடுக்கிறார்களே, அதை ஆட்டுக்கும் கொடுக்கலாமா?

அக்கராயன் பக்கமிருந்து

அம்மா, வளர்ந்த ஆட்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கலாம். குட்டிகளுக்கும் ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுகளுக்கும் வேண்டாம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 100 லீற்றர் தண்ணீர். கிணறு நிறைந்திருக்கிற மாசி, பங்குனியிலேயே செய்துவிடுங்கள். ஒவ்வொரு அடுக்காகத் தெளித்து மிதித்து, பொலித்தீனால் காற்றுப் புகாமல் மூடிப் பத்து நாளாவது விட வேண்டும். கரைத்த வாளியை மட்டும் ஆடு மாடு வாய் வைக்கிற இடத்தில் வைத்துவிடாதீர்கள், குடித்தால் உயிர் போய்விடும். திறந்தவுடனேயும் போடாதீர்கள், நெடி கண்ணைக் கரிக்கும். நிழலில் விரித்து ஒரு இரவு விட்டுக் காலையில் எடுங்கள்.