சைரந்திரி கோபுரத்தில் அப்பா கேட்ட கேள்வி

போன பிப்ரவரியில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு கேரளத்தின் சைலன்ட் வேலி தேசியப் பூங்காவுக்குப் போயிருந்தேன். கோவையில் இருந்து ஆனைகட்டி, அட்டப்பாடி வழியாக முக்காலி என்ற ஊர். அதற்கு மேல் சொந்த வண்டிக்கு அனுமதி இல்லை, வனத்துறை ஏற்பாடு செய்யும் ஜீப்பில்தான் சைரந்திரி வரை 23 கி.மீ. போக வேண்டும். வழிகாட்டியாக வந்தவர் அட்டப்பாடி இருளர் சமூகத்து இளைஞர். நன்றாகத் தமிழ் பேசினார்.

பாதி வழியில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி மேலே கை காட்டினார். எனக்கு வெறும் இலைதான் தெரிந்தது. அப்புறம் ஒரு கிளை ஆடியது. சிங்கவால் குரங்கு! கரிய முகம், அதைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிடரி. வெடிப்பலாப் பூக்கள் கிளையோடு ஒட்டிக் கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தன. அவற்றைப் பிய்த்துத் தின்றபடி எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தது. பின்னால் இன்னொன்று, வயிற்றைப் பற்றிக்கொண்ட குட்டியோடு. ஜீப்பில் யாரும் மூச்சுவிடவில்லை.

சைரந்திரியில் சுமார் 30 மீட்டர் உயரக் காவல் கோபுரம் இருக்கிறது. அப்பாவுக்கு 68 வயது. லைன்மேனாகக் கம்பம் ஏறிய கால், நிற்காமல் ஏறிவிட்டார். கீழே குந்திப்புழை. இந்த ஆற்றில்தான் 1970களில் புனல்மின் திட்டத்துக்கு அணை கட்ட இருந்தார்கள். கட்டியிருந்தால் சுமார் 830 ஹெக்டேர் காடு மூழ்கியிருக்கும். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கம், கவிஞர் சுகதகுமாரி, பறவையியலாளர் சாலிம் அலி என்று பலர் எதிர்த்து நின்றார்கள். 1983இல் திட்டம் கைவிடப்பட்டது, அடுத்த ஆண்டே தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள்.

"தம்பி, அணை வந்திருந்தா தண்ணி எதுவரைக்கும் நின்னிருக்கும்?" என்று அப்பா கேட்டார். வழிகாட்டி எதிர்ச் சரிவைக் காட்டினார். அப்பா வெகுநேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். நீலகிரியில் மின்சாரத்துக்காகக் கட்டிய பைக்காரா, குந்தா அணைகளைப் பற்றி இன்றும் பெருமையாகப் பேசுபவர் அவர்.

"வேண்டாம்னு நின்னவங்கள்ல எத்தனை பேரு இந்த எடத்தைக் கண்ணால பார்த்திருப்பாங்க?"

அதற்கு வழிகாட்டியிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை.

தன்னோடு வேலை பார்த்த இரண்டு பேரையும் அங்கே கூட்டிப்போக வேண்டும் என்று அப்பா நச்சரித்துக்கொண்டிருக்கிறார். மழைக்கு முன்னால் போய்விட வேண்டும்.