கடவுள் இருக்கிறாரா என்று தெரியாதவள் பூஜையில் உட்காரலாமா?

கும்பகோணத்தான்:
மகள் காலேஜ் இரண்டாம் வருடம். சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களை அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, சுண்டல் தாளித்தது வரை எல்லாம் அவள்தான். தீபாராதனை நேரத்தில் மட்டும் எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள். "இருக்கார்னு நிச்சயமா தெரியலைப்பா. தெரியாம கும்பிட்டா நடிக்கிற மாதிரி இருக்கு" என்கிறாள். "நாத்திகம் பேசறா" என்று என் அம்மா பேத்தியோடு பேச்சையே நிறுத்திவிட்டார். "தெரியவில்லை" என்பவர்களுக்கு நம் மதத்தில் இடம் உண்டா? அம்மாவிடம் எடுத்துச் சொல்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள்.

பழைய வாத்தியார்:
தாராளமாக உண்டு. ரிக் வேதம் பத்தாம் மண்டலத்தின் 129ஆம் சூக்தத்தைப் பாருங்கள். ஏழே மந்திரங்கள். இந்தப் படைப்பு எங்கிருந்து வந்தது, யாருக்குத் தெரியும், தேவர்களே அதற்குப் பின்னால் வந்தவர்கள்தானே என்று கேட்டுக்கொண்டே போகிறது. மேலே இருந்து பார்ப்பவனுக்குத் தெரிந்திருக்கும், அல்லது அவனுக்கும் தெரியாதோ என்பதோடு நிறுத்திவிடுகிறது! சாங்கிய தத்துவத்தின் அடிப்படை நூலான சாங்கிய காரிகை, படைத்தவன் ஒருவனை வைக்காமலே உலகத்தை விளக்குகிறது. வேதச் சடங்குகளை ஆராய்ந்த தத்துவக்காரர்களான, யாகத்தில் அத்தனை கறாரான மீமாம்சகர்களும் படைப்புக்கு ஈஸ்வரன் வேண்டியதில்லை என்று வாதாடியவர்கள். வேதத்தை ஏற்றவர்கள் என்பதால் இவர்களை எல்லாம் ஆஸ்திகர் பட்டியலில்தான் வைத்திருக்கிறோம்.

வைகைக்கரை:
ஏட்டில் சரி, ஐயா. கேள்விக்கு இடம் கொடுத்த மதம் கோயிலுக்குள் எத்தனை பேருக்கு இடம் கொடுத்தது? மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர் தலித்துகளையும் நாடார்களையும் அழைத்துப் போனது 1939இல்தான், அதுவும் எதிர்ப்புக்கு நடுவே. பெரியபுராணம் எண்ணாயிரம் சமணர் கழுவேறியதாகப் பாடுகிறது. நடந்ததா இல்லையா என்று ஆய்வாளர்கள் சண்டை போடட்டும், பாடியது பாடியதுதானே. எல்லாமே அமைதியான தேடலாக இருந்தது என்று மெழுக வேண்டாம். மற்றபடி உங்கள் மகள் நேர்மையான பெண்.

கிரிவலம்:
பாட்டியிடம் சாங்கியமெல்லாம் எடுபடாது. வீட்டில் ரமணர் படம் இருந்தால் வேலை சுலபம். வருவாய்த் துறையில் இருந்த சிவப்பிரகாசம் பிள்ளை 1902இல் திருவண்ணாமலையில் ரமணர் இருந்த விரூபாட்ச குகைக்குப் போய்க் கேட்ட முதல் கேள்வியே "நான் யார்?" அப்போது மௌனத்தில் இருந்த ரமணர் எழுதிக் காட்டிய பதில்கள்தான் பிற்பாடு சின்னப் புத்தகமாக வந்தன. முதலில் நம்பிவிட்டு வா என்று ரமணர் சிவப்பிரகாசம் பிள்ளையைத் திருப்பி அனுப்பவில்லை. உடம்பு நானா, மனம் நானா என்று நீயே விசாரித்துத் தள்ளு என்கிறார். பாட்டியும் பேத்தியும் சேர்ந்தே படிக்கலாம்.

கும்பகோணத்தான்:
ரமணர் படம் அம்மாவின் பூஜை அலமாரியிலேயே இருக்கிறது, நன்றி. வைகைக்கரை, உங்கள் பதிலைப் படித்துவிட்டு மகள் 1939 பற்றி இன்னும் விவரம் கேட்கிறாள். அம்மாவிடம் அதை மட்டும் இன்னும் காட்டவில்லை.