புதுப்பிப்பு: எலிஃப் வரிசையா, மேட்ச்-கேஸா?

பைத்தான் நிரல்மொழியில், நிபந்தனைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்து நீண்டுகொண்டே போகும் எலிஃப் (elif) வரிசையை, ஒரு மதிப்பைப் பல வடிவங்களோடு பொருத்திப் பார்க்கும் மேட்ச்-கேஸாக (match-case) மாற்றலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். மாற்றிப் பார்த்தாயிற்று. நிரலில் பாதி மாறியது, மீதி இஃப்-எலிஃப் ஆகவே இருக்கிறது.

மாறாதது, மதிப்பெண்ணுக்குத் தரம் போடும் பகுதி. 90க்கு மேல், 75க்கு மேல் என்று வரம்புகளை ஒப்பிடும் இடத்தில் மேட்ச் எதையும் எளிதாக்கவில்லை. ஒவ்வொரு கேஸின் பின்னாலும் ஓர் இஃப் ஒட்டிக்கொள்கிறது.

பயனர் தட்டும் கட்டளையைப் பிரிக்கும் பகுதியிலோ அருமையாகப் பொருந்தியது. ஒற்றைச் சொல்லா, சொல்லோடு ஒரு கோப்புப் பெயரும் உண்டா என்பதை அந்தச் சொற்கள் அடங்கிய லிஸ்ட்டின் (பட்டியலின்) வடிவத்தைக் கொண்டே சொல்லிவிடலாம். நீளத்தைச் சோதித்த வரிகள் எல்லாம் போய்விட்டன!

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கேஸுக்கு அடுத்து வெறும் மாறியின் பெயரை எழுதினால், பைத்தான் அதன் மதிப்போடு ஒப்பிடாது. வந்த மதிப்பை அந்தப் பெயரில் போட்டுக்கொள்ளும். அதாவது எது வந்தாலும் பொருந்தும். இடையில் எழுதினால் தொடரியல் பிழை (syntax error) காட்டிக்கொடுக்கும். கடைசி கேஸாக இருந்தால் சத்தமில்லாமல் ஓடிவிடும், அதுதான் ஆபத்து. மாறிலியோடு ஒப்பிட வேண்டுமானால் அதை ஒரு கிளாஸின் உறுப்பாக்கி, நடுவில் புள்ளி வரும் பெயராக எழுதுங்கள்.

சி மொழியில் பிரேக் விட்டுப்போனால் அடுத்த கேஸும் ஓடுமே, இங்கே எப்படி என்று ஒருவர் கேட்டிருந்தார். இங்கே அந்தக் கவலை இல்லை. முதலில் பொருந்தியது மட்டுமே ஓடும்.

மாற்றத் தொடங்கும் முன் பதிப்பைப் பாருங்கள்: 2021 அக்டோபரில் வந்த பைத்தான் 3.10 முதல்தான் மேட்ச் உண்டு.